ஓட்டிப் பார்த்த பெல்ட்தான் ஸ்பேர் பெல்ட்

ஆல்டர்னேட்டர் (பேட்டரியை ஏற்றும் ஜெனரேட்டர்), வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸரைச் சுற்றவைக்கும் எஞ்சின் பெல்ட்டை எஞ்சின் சீரியல் நம்பரைச் சொல்லி ஸ்பேராக வாங்கினால், உறை பிரிக்காமலே மூன்று வருஷம் கிடக்கும். தேவைப்படும் அன்று எடுத்தால் இரண்டு விரற்கடை குட்டை. வீடு போலக் கட்டிய மோட்டார்ஹோம் வண்டியில் இது அடிக்கடி நடக்கிறது. எஞ்சின் ஒருவரிடமிருந்து வருகிறது, சேஸி கட்டுவது இன்னொருவர். அவர் கூடுதல் ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வைப்பார், ஏசி கம்ப்ரஸரை வேறு பிராக்கெட்டில் மாட்டுவார். புல்லியின் விட்டமோ இடமோ மாறினால் பெல்ட் நீளமும் மாறிவிடும். எஞ்சின் பார்ட்ஸ் புத்தகத்துக்கு அது தெரியாது.

நம்ப வேண்டியது இப்போது ஓடுகிற பெல்ட்டின் முதுகில் இருக்கும் எண்ணை. 8பிகே2100 என்றால் 8 ரிப் (பெல்ட்டில் நீளவாக்கில் ஓடும் மேடு), பிகே வகை, 2100 மி.மீ. நீளம். ரிப்புக்கு ரிப் இடைவெளி 3.56 மி.மீ. என்பதால் 8 ரிப் பெல்ட் ஏறக்குறைய 28.5 மி.மீ. அகலம், 6 ரிப் 21.4 மி.மீ. இந்த மூன்றும் ஒத்துப்போனால் எந்த நல்ல கம்பெனி பெல்ட்டும் சேரும். லாரி, பஸ், டிராக்டர் உதிரிபாகக் கடைகளிலும் இதே அளவுகள்தான் ஓடுகின்றன. "மோட்டார்ஹோம் பெல்ட்" என்று கேட்டால்தான் இல்லை என்பார்கள்.

எண் அழிந்திருந்தால் ரிப்களை எண்ணிவிட்டு, டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கை) பாதித் தூரம் இழுத்துப் பிடித்து, நீளாத கயிற்றைப் பெல்ட் போகும் வழியிலேயே சுற்றி அளந்து பாருங்கள். வாங்கியதை மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, டென்ஷனர் முள் அதன் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பெல்ட் நன்றாக இருந்தால் அதுவே ஸ்பேர்.

*

மேலே சொன்ன கடைசி வரிக்கு மட்டும் ஒரு நிபந்தனை. பழைய பெல்ட்டை ஸ்பேராக வைப்பதானால் "நன்றாக இருக்கிறது" என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. முன்பு வந்த நியோப்ரீன் ரப்பர் பெல்ட்டுகளில் வெடிப்பு தெரியும். இப்போது வருவது ஈபிடிஎம் ரப்பர். அது வெடிக்காமல், டயர் போலத் தேயும். ரிப் பள்ளம் அகலமாகி, பெல்ட் புல்லிக்குள் ஆழமாக இறங்கி அடியில் தட்டத் தொடங்கும், பிடிப்பு போய்விடும். பெல்ட் கம்பெனிகள் தரும் சின்ன பிளாஸ்டிக் கேஜை ரிப்பில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தேய்ந்திருந்தால் இரண்டு புதிது வாங்குங்கள். இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து வையுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். எஞ்சின் அறையில் கேபிள் டை போட்டுக் கட்டி வைப்பது பார்க்கப் புத்திசாலித்தனம். பெல்ட்டுக்கு அது அடுப்பு. 30 டிகிரிக்குள் இருந்தால் பெல்ட் பல வருஷம் கெடாது. அதற்கு மேல் ஒவ்வொரு 8 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. 46 டிகிரிக்கு மேல் வைக்கவே கூடாது. வெயில், டீசல், எண்ணெய் எதுவும் படக்கூடாது. மின் மோட்டார் பக்கத்திலும் வேண்டாம், அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரைத் தின்னும். ஆணியில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் மடிப்பு விழும். கையில் இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டால் உள்ளே இருக்கும் இழை நசுங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நீள பெல்ட்டை ஒரே ஒரு தரம் முறுக்கினால் மூன்று வளையமாகத் தானாக அடங்கும். அந்த அளவோடு தட்டையாக ஒரு பெட்டியில் வைத்தால் போதும்.

*

பெல்ட் இருக்கிறது, கை போகுமா? பின்பக்க எஞ்சின், பின்பக்க ரேடியேட்டர் வண்டிகளில் ஃபேன் இலைகளைத் தாண்டித்தான் பெல்ட்டை உள்ளே விட வேண்டும். ஷ்ரவுடுக்கும் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) இலைக்கும் இடையே ஒவ்வொரு இலையாகச் சுற்றி இறக்க வேண்டும். டென்ஷனரைக் கட்டிலுக்கு அடியிலுள்ள மூடி வழியாக மேலிருந்து எட்டுவது சுலபம். ரேடியேட்டர் பக்கவாட்டில் இருந்தால் கவலையே இல்லை.

டென்ஷனரில் பெரும்பாலும் சதுர ஓட்டை இருக்கும், 3/8 அல்லது 1/2 இன்ச். உங்களுடையது எது என்று இன்றே பார்த்து, அதற்குப் பொருந்தும் நீளக் கைப்பிடியைப் பெல்ட்டோடு சேர்த்தே வையுங்கள். சாதாரண ராட்செட் பெரும்பாலும் இடுக்கில் நுழையாது. பெல்ட் ஓடும் வழியைப் படம் எடுத்து அச்சிட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். பெல்ட் வழி காட்டும் ஸ்டிக்கர் ஏற்கெனவே இருந்தாலும் அது உங்கள் ஆல்டர்னேட்டருக்கு வரைந்ததாக இல்லாமல் போகலாம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பின் வேலையைத் தொடங்குங்கள். அறுந்த பெல்ட்டின் நூல்கள் கிராங்க் புல்லிக்கு (எஞ்சின் நேராகச் சுற்றும் முதன்மைப் புல்லி) பின்னால் சுற்றிக்கொண்டிருந்தால் ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் உள் பெல்ட்) உள்ள எஞ்சின்களில் அந்த நூல் மூடிக்குள் புகுந்தால் டைமிங்கே போய்விடும். பெல்ட்டைக் கடைசியாக ஏற்ற, ஓரவிளிம்பு இல்லாத வழவழப்பான புல்லியை விட்டுவையுங்கள். மாட்டியதும் ஒவ்வொரு புல்லியின் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு ரிப் வெளியே தொங்கினால் சீக்கிரமே ஓரம் கிழியும். பேட்டரியை மாட்டி, சில நொடி மட்டும் ஓட்டி, நிறுத்தி, மறுபடி பாருங்கள்.

*

அறுந்ததும் புது பெல்ட் மாட்டிக் கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே அதையும் இழக்கும் வண்டிகள் உண்டு. அறுத்தது பெரும்பாலும் ஐட்லர் (பெல்ட்டைத் திருப்பிவிட மட்டும் இருக்கும் புல்லி) பேரிங். பெல்ட் கழன்றிருக்கும்போது ஐட்லர், டென்ஷனர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் புல்லிகளைக் கையால் சுற்றுங்கள். கரகரப்பு, ஆட்டம் இரண்டும் இருக்கக்கூடாது. ஸ்பேர் பெல்ட்டோடு ஒரு ஐட்லரும் முடிந்தால் டென்ஷனரும் வையுங்கள். பெல்ட்டைவிட இவைதான் சின்ன ஊர்களில் கிடைக்காதவை.

எண்ணெய்க் கசிவு இன்னொரு எதிரி. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் பெல்ட் பக்கம் முடிந்தால் எண்ணெய்ப் பனி அதன் மேல் படியும். ஈபிடிஎம் எண்ணெயைத் தாங்காது, உப்பிவிடும். குழாயை நீட்டிக் கீழே விடுங்கள். சத்தம் வந்தால் பெல்ட் டிரெஸ்ஸிங் (பிடிப்புக்காக அடிக்கும் ஸ்பிரே) அடிக்காதீர்கள். தள்ளி நின்று ரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கித் திரும்பினால் புல்லி நேராக இல்லை. கூடினால் இறுக்கம் போதவில்லை.

*

ஏசி கம்ப்ரஸர் புல்லியே சுற்றாமல் இறுகிவிட்டால் ஒரிஜினல் நீளத்தில் நூறு பெல்ட் இருந்தாலும் பயனில்லை. கம்ப்ரஸரைத் தவிர்த்துக் கயிறு சுற்றி அளந்து, அந்தக் குட்டை அளவிலும் ஒன்று வைத்திருப்பது நல்லது. ஒரே எச்சரிக்கை: புதிய வழியில் வாட்டர் பம்ப் பழைய திசையிலேயே சுற்ற வேண்டும். ரிப் பக்கம் ஓடியது முதுகுப் பக்கம் ஓடினால் பம்ப் தலைகீழாகச் சுற்றும், எஞ்சின் கொதிக்கும்.

*

பழைய வி-பெல்ட் (ரிப் இல்லாத, வி வடிவப் பெல்ட்) வண்டிகளுக்கு: இரட்டை பெல்ட் என்றால் ஜோடியாகவே மாற்றுங்கள். 100 மி.மீ. இடைவெளிக்கு ஒன்றரை மி.மீ. அமுங்கினால் இறுக்கம் சரி. அரை மணி ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். கண்ணி கண்ணியாகக் கோக்கும் லிங்க் பெல்ட் இதற்கு நல்ல அவசர ஸ்பேர். பிகே புல்லிக்கு ஆகாது.

*

டென்ஷனரே இல்லாத எஞ்சின்களில் வருவது நீட்சி பெல்ட். அதன் இடத்தில் அதே நீள சாதாரண பெல்ட் ஏறாது, ஏறினாலும் பிடிக்காது. ஏற்றுவதற்குப் புல்லியில் மாட்டும் கருவி வேண்டும், அதையும் பெல்ட் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். ஒரு முறை கழற்றிய நீட்சி பெல்ட் திரும்ப மாட்ட உதவாது. எனவே மாட்டிப் பார்த்து ஸ்பேராக எடுத்து வைக்கும் வழி இதற்கு மட்டும் செல்லாது. மாட்டியிருக்கும் அதே எண்ணில் புதிது ஒன்று.