கோடி, ஜெல்லிஃபின் பெட்டி வைத்திருப்பவர்கள்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மொட்டைமாடி:

நானே ஆரம்பிக்கிறேன். 2013. டிவியில் நம் வீடியோ ஃபைல்களை ஓட்டும் மென்பொருளான கோடிக்கு அப்போது அந்தப் பெயர் கிடையாது, எக்ஸ்பிஎம்சிதான். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி போர்டு, முதல் மாடல், 512 எம்பி மெமரி, அதில் எக்ஸ்பிஎம்சிக்கென்றே செய்த ஓப்பன்எலெக் இயங்குதளம். பாட்டிக்கு எண்பது முடிந்ததற்காக எல்லாரும் ஊரில் கூடியிருந்தோம். அத்தையின் கல்யாண வீடியோவைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். 1991 கல்யாணம். விஎச்எஸ் கேசட்டை ஸ்டூடியோவில் கொடுத்து டிவிடி ஆக்கி, அந்த ஃபைல்களை அப்படியே ஹார்ட் டிஸ்கில் ஏற்றியிருந்தேன். சென்னையில் லேப்டாப்பில் ஓடியது. பையில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஊருக்கு எடுத்துப் போனது பையும் டிஸ்கும் மட்டும்.

இங்கே பாதிப் பேருக்கு இதற்குள் புரிந்திருக்கும். எம்பெக்-2. டிவிடியில் வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை அது. அந்தப் பையில் எச்.264 என்ற பிந்தைய முறை சும்மாவே ஓடும். எம்பெக்-2 ஓட வேண்டுமானால் அப்போது 2.40 பவுண்டு கட்டித் தனி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. போர்டின் சீரியல் நம்பரோடு சேர்ந்து வரும் அந்தச் சாவியை கான்ஃபிக் ஃபைலில் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அன்றைக்கு அது தெரியாது.

கூடத்தில் பதினாலு பேர். ப்ளே அழுத்தினேன். திரை கறுப்பு. நாதஸ்வரம் மட்டும் வருகிறது. யாரோ குழந்தை அழுகிறது, பாத்திரச் சத்தம். அதற்கு நடுவில், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை மொதல்ல உக்கார வைங்கடா" என்று தாத்தாவின் குரல். தாத்தா 1998ல் போய்விட்டார். பதினைந்து வருஷமாக அந்தக் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. எனக்கு அது காதில் விழுந்தும் ஏறவில்லை. படம் வரவில்லையே என்ற பதற்றம்தான். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பாட்டி ஒரு கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறாள், இரு என்று சொல்ல வந்தவள் மாதிரி.

பிடுங்கியதில் எஸ்டி கார்டு போயிற்று. அதற்கப்புறம் அது பூட் ஆகவே இல்லை. மறுபடி வீடியோவை எச்.264க்கு மாற்றி ஊருக்கு எடுத்துப் போகும்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. படம் பளிச்சென்று வந்தது. அதற்குள் பாட்டிக்குக் காது போய்விட்டிருந்தது.

கம்பிவடம்:

கஷ்டமாக இருக்கிறது நண்பரே. ஆனால் ஒரு திருத்தம். ப்ளக்கைப் பிடுங்கியதால்தான் கார்டு போயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஓப்பன்எலெக்கிலும் சரி, 2016ல் அதிலிருந்து பிரிந்த லிப்ரெஎலெக்கிலும் சரி, சிஸ்டம் முழுக்கப் படிக்க மட்டுமேயான ஒரே ஃபைலாக இருக்கும். எழுதுவது ஸ்டோரேஜ் பகுதியில் மட்டும்தான். பூட் ஆகவே இல்லை என்றால் கார்டு போலியாக இருந்திருக்கலாம், அல்லது கரண்ட் போதாமல் ஏற்கெனவே நொந்து போயிருக்கலாம்.

என் கதை சின்னது. பை 4. திரையின் வலது மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி அவ்வப்போது வரும், போகும். நான் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் மாமனார் வந்திருந்தபோது, படத்தின் கடைசிக் கட்டத்தில் ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக், டிக், டிக். அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். அதில் மகளின் முதல் இரண்டு வருஷத்துப் போட்டோக்கள் இருந்தன. வேறு நகல் இல்லை.

அதனால் எல்லாரும் கேளுங்கள். மின்னல் குறி என்றால் போர்டுக்கு வரும் வோல்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். செல்போன் சார்ஜர் போடாதீர்கள். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். பை 4ல் நாலு யூஎஸ்பி துளைக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். பாக்கெட் சைஸ் ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்த ஒரு நொடியில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும். இரண்டு டிஸ்க் மாட்டினால் கேட்கவே வேண்டாம். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வையுங்கள், அல்லது தனியாகக் கரண்ட் எடுக்கும் பெரிய டிஸ்க் வாங்குங்கள். நம்ம ஊர் மின்வெட்டுக்கு மோடத்துக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். டிஸ்கை விண்டோஸிலும் மாட்ட வேண்டியதில்லை என்றால் லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், திடீரென்று கரண்ட் போனாலும் சமாளித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை கோடியின் யூசர்டேட்டா ஃபோல்டரை இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள். எந்தப் படம் பார்த்தாயிற்று, எதில் பாதியில் நிறுத்தினோம் என்பதெல்லாம் அந்த ஒரு டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அது போனால் படங்கள் இருக்கும், வீட்டாரின் வழித்தடம் போய்விடும்.

மொட்டைமாடி:

நல்ல தகவல், நன்றி. ஆனால் எனக்குக் கார்டு போனதில் வருத்தம் இல்லை. நான் எழுதியது அதைப் பற்றி இல்லை.

கீழவாசல்:

எங்கள் வீட்டில் ஜெல்லிஃபின், ஒரு கணினியில் இருக்கும் படங்களை வீட்டு டிவிகளுக்கெல்லாம் அனுப்பும் மென்பொருள். பழைய கணினி ஒன்றை ஷெல்ஃபில் வைத்து, அப்பா அம்மா அறையிலும் கூடத்திலும் பார்க்கிற மாதிரி செய்திருந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து நானூறு படத்துக்கும் போஸ்டர், நடிகர் பட்டியல் எல்லாம் வர வைத்தேன். அப்பாவுக்கு அதிகம் வராத கண்ணீர் அன்றைக்கு வந்தது, பழைய போஸ்டர்களைப் பார்த்து.

அப்பா முதலில் தேடியது பில்லா. 1980. வந்த நாளில் வரிசையில் நின்று பார்த்தவர். ரஜினி போஸ்டர் இருந்தது, அழுத்தினார். ஓடியது 2007 படம். பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்திருக்கிறார், முன்னால் ஏதோ சேர்த்திருக்கிறார்கள் போல என்று. பிறகு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு டிவிடியே போதும்பா" என்றார். அந்த ஒரு வாக்கியம் இன்னும் கேட்கிறது.

தப்பு என்னுடையது. இரண்டு ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் போட்டிருந்தேன், ஆண்டு எழுதவில்லை. ஒரே படத்தின் இரண்டு பிரதி என்று எடுத்துக்கொண்டு ஒரே போஸ்டருக்குக் கீழே வைத்துவிட்டது. நம் படங்களுக்கு இந்தக் குழப்பம் நிறைய. அதே 1980லும் அதே 2007லும் பொல்லாதவன் என்றும் ஆண்டுக்கொரு படம் வந்திருக்கிறது, கதைக்குக் கதை சம்பந்தமே இல்லை. போதாததற்கு ஆங்கில எழுத்தில் பொல்லாதவனை ஒருவர் Polladhavan என்று எழுதுவார், இன்னொருவர் Polladavan என்று. போஸ்டர் எடுத்து வருகிற இணையத் தகவல் தளத்தில் எந்த எழுத்துக்கூட்டு இருக்கிறதோ அதுதான் பிடிபடும். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் ஆண்டு, அதிலும் சந்தேகம் என்றால் தளத்தின் படஎண்ணையும் ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவிடுகிறேன். ஒன்றும் தப்புவதில்லை.

அப்பா ஜெல்லிஃபினுக்குத் திரும்பி வந்தார். வர மூன்று மாதம் ஆயிற்று.

கம்பிவடம்:

@கீழவாசல், இரண்டு டிவிக்காக ஒரு கணினியை நாள் முழுக்க ஓட விட வேண்டுமா? இரண்டிலும் கோடி போட்டு, படங்களை என்எஃப்எஸ் முறையில் வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்தால் முடிந்தது. ஃபைலை அப்படியே டிவி பக்கத்துப் பெட்டி ஓட்டிக்கொள்ளும், மாற்றி அனுப்பும் வேலையே இல்லை.

கீழவாசல்:

அம்மா கூடத்தில் பாதியில் நிறுத்துவார், அறையில் போய் படுத்துக்கொண்டு அதே இடத்திலிருந்து பார்ப்பார். இரண்டு கோடிக்கும் பொதுவாக ஒரு டேட்டாபேஸ் சர்வர் வைத்தால் அதிலும் முடியும், தெரியும். அதற்கும் ஒரு கணினி ஓட வேண்டும்தானே. 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த நாள் முதல் ஜெல்லிஃபின் முழுக்கத் திறந்த மென்பொருள். சந்தா கிடையாது, வெளியே எந்த நிறுவனத்திலும் அக்கவுண்ட் கிடையாது. வீட்டுக்குள்ளேயே எல்லாம் முடிகிறது. எனக்கு அது முக்கியம்.

வெண்ணாறு:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. என் தங்கைக்குப் பிறவியிலிருந்து காது கேட்காது. தமிழ் நன்றாகப் படிப்பாள், எழுதுவாள். அவளுக்காகத்தான் நான் கோடி கற்றுக்கொண்டேன், வேறு காரணமே இல்லை. தமிழ்ப் படங்களுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் கிடைப்பது அபூர்வம். ஒரு படத்துக்கு நானே இரண்டு மாதம் உட்கார்ந்து வசனம் வசனமாகத் தட்டினேன். நேரம் பார்த்து, நிறுத்தி, தட்டி, மறுபடி ஓட்டி.

முதலில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டேன். எழுத்து வந்தது. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் வசனம் "பேசாதே". திரையில் ப முன்னால், இரட்டைக் கொம்பு பின்னால். யூனிகோடில் ப முதலில், ஏகாரக் குறி அடுத்து என்றுதான் சேமிக்கப்படும். காட்டும்போது குறியை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. என்னிடம் இருந்த பழைய பதிப்பு அதைச் செய்யவில்லை. கொ, கோ, கௌ எல்லாம் சிதறிக் கிடந்தன.

அவள் நிறுத்தச் சொல்லவில்லை. முழுப் படத்தையும் பார்த்தாள். ஒவ்வொரு வரியிலும் உதடு அசைய, சிதறிய எழுத்தை மனசுக்குள் அடுக்கி அடுக்கிப் படித்தாள். பாதியில் ஒரு தடவை என் பக்கம் திரும்பிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். எனக்கு அந்த விரல்தான் மறக்கவில்லை.

இப்போது புதிய பதிப்பில் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அது வரும்வரை ஜெல்லிஃபினை பிரவுசரில் திறந்து ஓட்டினேன், பிரவுசருக்குத் தமிழ் ஒழுங்காகக் கோக்கத் தெரியும்.

சவுண்ட்பார்:

இவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லை மேடம். ஆங்கில சப்டைட்டில் நிறையப் படங்களுக்குக் கிடைக்கிறதே, அதைப் போட்டிருக்கலாம்.

நம்ம அனுபவம் வேறு மாதிரி. புது டிவி வாங்கி வந்து மாட்டினேன். நண்பர்கள் எட்டுப் பேர். படம் ஓடுகிறது, சத்தமே இல்லை. படத்தின் ஒலி டிடிஎஸ் முறையில் சுருக்கியது, அந்த டிவி டிடிஎஸ் எடுக்காது, டிவி வந்த அட்டைப்பெட்டியில் எங்கேயும் எழுதவில்லை. ஒலியைப் பிரிக்காமல் அப்படியே டிவிக்குத் தள்ளும் பாஸ்த்ரூவை அணைத்துவிட்டு, கோடியையே பிரித்து பிசிஎம்மாக, அதாவது சுருக்காத ஒலியாக, அனுப்ப விட்டால் சரியாகிவிடும், அது தெரிய இரவு ஒரு மணி ஆயிற்று. ஆப்டிகல் வயரில் ஐந்து புள்ளி ஒன்று சரவுண்ட் ஒலி பிசிஎம்மாகப் போகாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதில் பிசிஎம் என்றால் இரண்டு சானல்தான், மற்றது டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கித்தான் போகும். ட்ரூஎச்டி மாதிரியான பெரிய ஒலி டிவி வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டும் என்றால் டிவியின் எச்டிஎம்ஐ துளையில் இஆர்க் (eARC) வசதி வேண்டும், வெறும் ஆர்க் (ARC) போதாது. வாங்கும்முன் பாருங்கள்.

வெண்ணாறு:

@சவுண்ட்பார், அவள் படித்தது தமிழ். அம்மா திட்டுவதும் சித்தி கேலி செய்வதும் அவளுக்குத் தமிழில் எழுதிக் காட்டித்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் என்ன கேட்டுச் சிரிக்கிறேனோ அதே வார்த்தை அவளுக்கும் வேண்டும். ஆங்கிலத்தில் அதன் அர்த்தம் வரலாம், வார்த்தை வராது. நான் கஷ்டப்பட்டேன் என்று எழுதவும் இல்லை.

சவுண்ட்பார்:

மன்னிக்கவும். யோசிக்காமல் எழுதிவிட்டேன். அந்த சப்டைட்டில் ஃபைலைப் பொதுவில் ஏற்றியிருக்கிறீர்களா? எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் உதவும்.

ஸ்காபரோவாசி:

வணக்கம், நான் கனடாவிலிருந்து. மேலை கேசட் கதை வாசிச்சதும் எழுதவேணும் போலை இருந்தது. சித்தப்பா 2004ல் ஊரிலை, யாழ்ப்பாணத்து நல்லூர்த் தேரை வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினவர். 25 நாள் திருவிழாவிலை 24ஆம் நாள் தேர். அந்தக் கேசட் ஊரிலை இருந்த பால் (PAL) எண்ட வீடியோ முறை, இங்கத்தைய டெக் என்டிஎஸ்சி எண்ட வேறை முறை. போட்டால் படம் உருண்டுகொண்டே போகும். கனகாலம் அலுமாரிக்குள்ளை கிடந்தது. பேந்து ஃபைலாக்கி, கோடியிலை போட்டனான். கோடிக்குப் பால், என்டிஎஸ்சி எண்டு பேதம் இல்லை, எல்லாத்தையும் திறக்கும்.

அம்மா விளக்கேத்திப்போட்டு வந்து இருந்தா. தேர் வெளிக்கிட்டுது. ஆனால் விக்கி விக்கி நகருது. கமெரா பக்கவாட்டிலை திரும்பேக்கை கோபுரமும் விக்குது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்திட்டுச் சொன்னா, "தேர் இப்பிடி வராது தம்பி." பிழையாகச் சொல்லேல்லை. செக்கனுக்கு 50 படத்தை 60க்குள்ளை நிரப்பினால் செக்கனுக்குப் பத்துப் படம் இரண்டு தரம் வரும். எங்கட பழைய ரிவி 50 ஹெர்ட்ஸை எடுக்காது, இங்கை வித்த கன ரிவிகள் அப்பிடித்தான்.

அடுத்த ரிவியை 50 ஹெர்ட்ஸ் எடுக்குமோ எண்டு கேட்டுத்தான் வாங்கினனான். கோடியிலை படத்துக்கு ஏற்றமாதிரித் திரை வேகத்தை மாத்திற செட்டிங் இருக்கு, அதைப் போட்டுவிட்டன். இப்ப தேர் வழுக்கிக்கொண்டு வருது. அம்மா ஒவ்வொரு ஆவணியும் கேக்கிறா.

@மொட்டைமாடி, ஒண்டு கேக்கலாமோ? டிவிடி ஆக்கேக்கை ஒலியையும் இறுக்கிச் சுருக்கியிருப்பினம். அந்த முதல் கேசட் இருக்கோ? இருந்தால் பூஞ்சணம் பிடிக்கமுன்னம் நல்ல டெக்கிலை திரும்ப ஏத்துங்கோ. குரல் இன்னும் தெளிவாக வரும்.

மொட்டைமாடி:

அத்தைக்கு இப்போதுதான் போன் செய்தேன். பீரோவின் மேல் தட்டில், பட்டுப்புடவைப் பெட்டிக்குள் இருக்கிறதாம். வேலை செய்கிற விஎச்எஸ் டெக் திருச்சி பக்கம் யாரிடமாவது இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.