பயிற்சி ஆசிரியரின் 'ரிஃப்ளெக்‌ஷன்': 'ஓர்வு' என்னும் சொல்லை முன்வைக்கிறேன்

அன்புள்ள அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

பி.எட். மாணவர்களுக்கான பள்ளிப் பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை 'ரிஃப்ளெக்‌ஷன்' என்ற ஒற்றைச் சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆசிரியர் தான் எடுத்த வகுப்பைத் தானே திரும்ப எண்ணிப் பார்ப்பதற்கான சொல் அது. மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன. 'பிராக்டிகம்' என்பதற்குக் 'கற்பித்தல் பயிற்சி' போதும். பாளையங்கோட்டையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிற சொல் அது. மாற்றப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஓர் ஆசிரியரிடம் எதிர்பார்ப்பவற்றின் அளவுகோலான 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்பதற்குத் தென்காசி அக்கா சொன்ன 'பணிநெறி' அழகான சொல். ஆனால் நெறி என்றதும் ஒழுக்கம் மட்டுமே மனத்தில் வருகிறது. பாடப்பொருள் அறிவும், மாணவரை மதிப்பிடும் திறனும் அதற்குள் அடங்கவில்லை. 'தரநிலை' என்றே வைத்துக்கொள்வோம். அதில் எனக்கு வழக்கு இல்லை. அதன் அமைப்புக்கு ஆஸ்திரேலியாவின் தரநிலைகளைப் பார்க்கிறேன். இனி, குழுவில் எழுந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> 'பிரதிபலிப்பு' என்று ஏற்கெனவே பல இடங்களில் அச்சாகிவிட்டதே. புழக்கத்தில் இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

அண்ணாச்சி, இந்தச் சொல்லோடுதான் எனக்குப் பெரிய சண்டை. பிரதிபலிப்பது கண்ணாடியின் வேலை. அதற்கு யாரும் முயல வேண்டியதில்லை. எதிரே நிற்பது அதில் தெரியும், அவ்வளவுதான். அறிவியல் பாடநூலில் 'எதிரொளிப்பு' என்று படித்து வந்த பிள்ளைகளுக்குப் 'பிரதிபலிப்புக் குறிப்பேடு' என்று தலைப்புக் கொடுத்தால், நடந்ததை நடந்தபடி எழுதுவதே கடமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாலையில் என் மேசைக்கு வரும் குறிப்பேடுகளைப் பாருங்கள். "இன்று பாடம் சிறப்பாக அமைந்தது. மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர். கரும்பலகையை முறையாகப் பயன்படுத்தினேன். காலமேலாண்மையில் இன்னும் கவனம் தேவை." இந்த நான்கு வரிகளும் பெயர் மாறி, தேதி மாறி, ஒவ்வோர் ஏட்டிலும் இருக்கும். செய்முறைத் தேர்வுக்குத் தேர்வாளர்கள் வரும் கமிஷன் அன்று ரெக்கார்டு முழுமையாக இருக்க வேண்டும் என்ற பயத்தில், கடைசி வாரத்தில் ஒரே இரவில் எழுதி முடித்த ஏடுகளும் உண்டு. மை ஒரே நிறம், எழுத்து ஒரே சாய்வு.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் கொடுத்த சொல் அவர்களுக்குச் சொல்லவே இல்லை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கின. பள்ளியில் இருக்க வேண்டிய காலத்தையும் 20 வாரமாக்கின. முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. இவ்வளவு நீண்ட காலம் ஒரு பிள்ளை பள்ளியில் இருப்பது பாடக்குறிப்பு எழுதவும் வகுப்பு எடுக்கவும் மட்டும் அன்று. எடுத்த வகுப்பைத் திரும்ப எடுத்துவைத்து, ஒரு நல்ல ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதோடு பொருத்தி, எங்கே எட்டியது, எங்கே எட்டவில்லை, நாளை என்ன மாற்றுவது என்று தானே முடிவுக்கு வருவது அந்தக் காலத்தின் பாதி வேலை. நமக்குத் தேவைப்படும் சொல் இந்த வேலைக்கானது.

ஒரு குறிப்பேட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். திசையன்விளைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக் கணக்கு எடுத்த பயிற்சி மாணவி எழுதியது. பாடம் இலாபம், நட்டம். பனங்காட்டு ஊர் என்பதால் அவள் பனங்கிழங்கையே கணக்காக்கியிருக்கிறாள். ஒரு கட்டுக் கிழங்கை 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் இலாப விழுக்காடு என்ன? கடைசி பெஞ்சில் ஒரு பையன் நோட்டைத் திறக்காமலே, "கால், டீச்சர்" என்றான். அவள், "கால் இல்லை, விழுக்காட்டில் சொல்" என்று சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டாள். மாலையில் இப்படி எழுதியிருந்தாள்: "20-ஐ 80-ஆல் வகுத்தால் கால்தான். அவன் சொன்னது சரி. அவன் வீட்டில் கிழங்கு விற்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. விடை அவனிடம் இருந்தது. நான் என் நோட்டில் இருந்த விடையைத் தேடிக்கொண்டிருந்தேன். நாளை காலில் தொடங்கி நூற்றுக்கு வருவேன்."

மறுநாள் வேறொரு கணக்குக்கு ஒரு பெண் "முக்கால்" என்றதும் அவள் நின்றுவிட்டாள். பாடக்குறிப்பில் இல்லாததை அந்த இடத்திலேயே செய்தாள். கால், அரை, முக்கால் என்று பலகையில் எழுதி, எதிரே 25, 50, 75 என்று எழுதினாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முந்தைய நாள் நோட்டைத் திறக்காத பையன் அன்று எழுதிக்கொண்டிருந்தான்.

இதற்குப் பிரதிபலிப்பு என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

> 'சுயபரிசோதனை' எல்லாருக்கும் புரியுமே, அதை ஏன் தள்ள வேண்டும்?

புரியும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சொல்லில் குற்றம் தேடும் வாடை இருக்கிறது. தோல்விக்குப் பிறகு செய்வது என்றுதான் காதில் விழுகிறது. 'முக்கால்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பாடத்தைத் திருப்பியது தோல்வியா? நன்றாக நடந்த வகுப்பு ஏன் நன்றாக நடந்தது என்று கண்டுபிடிப்பதும் இந்த வேலைதான். 'மீள்பார்வை', 'மீளாய்வு' இரண்டும் வேறு வேலைக்குப் போய்விட்டன. 'மீள்சிந்தனை' பரவாயில்லை. என்றாலும் சிந்தனை முடிவில்லாமல் போகலாம். தெளிந்து ஒன்றில் நிற்பது அதில் இல்லை. வினையாக்கினால் 'மீள்சிந்தனை செய்தேன்' என்று ஒரு 'செய்' ஒட்ட வேண்டியிருக்கிறது.

நான் முன்வைப்பது 'ஓர்வு'.

ஓர்தல் என்றால் எண்ணிப் பார்த்தல், ஆராய்தல், தெளிதல். மூன்றும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. "ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை" என்பது செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறள். அரசனுக்குச் சொன்னதுதான். ஆனால் அதன் வரிசையைப் பாருங்கள்: நடந்ததை ஓர வேண்டும், தன் பக்கம் சாயக்கூடாது, நடுநிலையில் நின்று, தெளிந்ததைச் செய்ய வேண்டும். பயிற்சி மாணவரிடம் நாம் கேட்பதும் இதே வரிசை. தன் வகுப்பைத் தானே ஓரும்போது தன்மேல் கண்ணோட்டம் (தாட்சண்யம்) காட்டாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஏட்டுச் சொல் என்று யாரும் தள்ள வேண்டாம். வள்ளியூர் தாண்டிக் குமரி எல்லையை நெருங்க நெருங்க 'ஓர்மை' இன்னும் வீட்டுச் சொல்லாக இருக்கிறது. 'ஓர்மை இல்லை' என்றால் நினைவில்லை என்று பொருள். வேர் நம் பக்கத்து நாக்கில் உயிரோடு இருக்கும்போது கண்ணாடியிடம் போய்ச் சொல் கேட்பானேன்?

இதன் பெரிய பலம், கிளை விடுகிறது என்பது. அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983-இல் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார்: வேலை நடக்கும்போதே எண்ணித் திருத்துவது ஒன்று, முடிந்தபின் எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. முதலாவதை 'உடனோர்வு' என்றும், இரண்டாவதைப் 'பின்னோர்வு' என்றும் சொல்லலாம். கணக்கு மாணவி முதல் நாள் மாலை எழுதியது பின்னோர்வு. மறுநாள் பலகை முன் நின்றது உடனோர்வு. குறிப்பேடு 'ஓர்வேடு' ஆகும். வினையும் தானாகவே வருகிறது: ஓர்கிறேன், ஓர்ந்தேன், ஓர்வேன். 'செய்' வேண்டாம், 'பண்ணு' வேண்டாம். ஒரு நம்பிக்கையை அது நிற்கும் ஆதாரங்களோடு வைத்து, விடாமல் ஊன்றி எண்ணுவது என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910-லேயே சொன்ன பொருளுக்கும் 'ஓர்வு' வலிந்து இழுக்காமல் பொருந்துகிறது.

> "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு" என்கிறார் வள்ளுவர். செய்தபின் எண்ணுவதை ஒரு பயிற்சியாகவே வைப்பது நம் மரபுக்குப் பொருந்துமா?

அண்ணாச்சி, நல்ல கேள்வி. அந்தக் குறள், எண்ணாமல் இறங்கிவிட்டு 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பவனுக்குச் சொன்னது. பாடக்குறிப்பு இல்லாமல் வகுப்புக்குள் போகிறவனுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் "எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று" என்றும் அவரே சொல்கிறார். செய்துவிட்டாய் என்றால், அதைப் போன்றதை மறுபடி செய்யாதே. எது 'அதைப் போன்றது' என்று ஓராமல் தெரிந்துகொள்ள வழியில்லை. பின்னோர்வுக்கு இதைவிட என்ன மரபு வேண்டும்?

> தரநிலை என்று ஆஸ்திரேலியாவைப் பார்ப்பது எதற்கு? நன்னூல் ஆசிரியர் இலக்கணம் சொல்லவில்லையா?

சொல்கிறது. நிலம், மலை, நிறைகோல், மலர் என்று ஆசிரியருக்குச் சொன்ன உவமைகளை ஆண்டுதோறும் முதல் வகுப்பில் நான் சொல்லாமல் இருந்ததில்லை. ஆகாத ஆசிரியருக்கு அது சொல்லும் மடற்பனை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கமே இல்லாமல் புரியும். யாரையும் ஏறவிடாது, தானாக விழுந்தால்தான் பழம். ஆனால் அந்தச் சூத்திரம் எந்தச் சொல்லில் தொடங்குகிறது? 'குலன்'. அந்த முதற்சொல்லை வைத்துக்கொண்டு இன்று ஒரு தரநிலை எழுத முடியாது. எழுதக்கூடாது.

நம் வட்டாரத்தில் இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு உரிமை இல்லை. 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரைச் சாதியின் பேரால் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024-இல் வந்த அறிக்கை கையில் கட்டும் சாதிக் கயிறு வரை பேசியது. இந்த மண்ணில் ஆசிரியராகப் போகிற ஒரு பிள்ளை தன் ஓர்வேட்டில் எழுத வேண்டிய கேள்விகள் கரும்பலகையோடு முடிந்துவிடுவதில்லை. இன்று நான் யாரிடம் கேள்வி கேட்டேன்? யார் பெயர் என் வாயில் வரவே இல்லை? யார் யாரோடு உட்காருகிறார்கள், அது தானாக அமைந்ததா? இந்தக் கேள்விகளைச் 'சிறப்பாக அமைந்தது' என்ற வரிக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியாது.

ஆஸ்திரேலியாவை நான் பார்ப்பது அளவுகோலின் அமைப்புக்காக. அங்கே 2011-இல் வகுத்த தரநிலைகள் ஏழு. அறிவு, செயல், ஈடுபாடு என்று மூன்று களங்களில் அடங்கும். பயிற்சி மாணவர் முதல் படியான 'பட்டதாரி' நிலைக்குத் தான் எட்டியதைச் சான்றோடு காட்ட வேண்டும். அவற்றுள் முதலாவது, மாணவரையும் அவர் கற்கும் விதத்தையும் அறிதல். 'கால், டீச்சர்' என்ற பையனின் பக்கத்தை இந்த ஒன்றின் கீழ் வைத்துப் பார்த்தால் அந்த மாணவி எங்கே நின்றாள், மறுநாள் எங்கே வந்தாள் என்று தெரிகிறது. தரநிலை இல்லாமல் எழுதினால் அது நாட்குறிப்பாக நின்றுபோகும். நமக்கான தரநிலைகளை நாமே எழுத வேண்டும் என்பதில் எனக்கும் அண்ணாச்சிக்கும் வேறுபாடு இல்லை. அதில் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வர வேண்டும்; அடியும் மனத்துன்பமும் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது. சாதி பற்றி ஒரு தனி வரி வர வேண்டும்.

> 'ஓர்வு' பேச்சில் 'ஓய்வு' என்று கேட்கும்.

தம்பி சொன்னது சரியான தடைதான். ஆசிரியர் அறையில் 'ஓர்வு எழுதிவிட்டாயா' என்றால், பணி ஓய்வு பெறப்போகிறவர் திரும்பிப் பார்ப்பார். ஆகவே தனிச்சொல்லாக வரும் இடத்தில் 'ஓர்ந்து பார்த்தல்' என்று விரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கையேட்டில் பெரும்பாலும் உடனோர்வு, பின்னோர்வு, ஓர்வேடு என்ற கூட்டுச்சொற்களே வரும். அவற்றில் குழப்பம் வராது. 'ஓர்' என்றால் ஒன்று என்று எடுப்பார்களோ என்ற ஐயமும் எழுந்தது. உயிரெழுத்துக்கு முன்னால் வராத இடத்தில் அந்த மயக்கம் தங்காது.

தமிழறிஞர் இ.மு. சுப்பிரமணிய பிள்ளை 1930-களில் நெல்லையில் இருந்துகொண்டு கலைச்சொல் திரட்டிய காலத்தில் ஒரு சொல்லை முடிவு செய்யக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும். நமக்கு ஒரு மாலையில் பதில் வந்துவிடுகிறது. ஆனாலும் அவசரம் வேண்டாம். வரும் பயிற்சிப் பருவத்தில் என் மாணவர்களின் ஏட்டில் 'ஓர்வேடு' என்ற தலைப்பை வைத்து, உள்ளே இரண்டே பகுதிகள் கொடுக்கப் போகிறேன்: பின்னோர்வு, உடனோர்வு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்தத் தரநிலையோடு பொருத்திப் பார்த்தீர்கள் என்று எழுத ஒரு வரி. முனைஞ்சிப்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் பயிற்சி நடத்துகிற நண்பர்களும் ஒரு வகுப்பில் வைத்துப் பார்த்துச் சொன்னால் கையேட்டில் ஏற்றலாம்.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. வகுப்புக்குப் போகும் முன்னே ஓர்வதை 'முன்னோர்வு' என்று சொன்னால் 'முன்னோர்' என்று படித்துவிடுகிறார்கள். 'திட்டமிடல்' பாடக்குறிப்போடு போய்விடுகிறது. அண்ணாச்சியிடமோ அக்காவிடமோ வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து