உபுண்டுவில் ஈஎஸ்பி32 போர்டு தெரியவில்லை. யாரைக் கேட்பது?

இசிஇ_மூன்றாமாண்டு:
மினி புராஜெக்ட்டுக்கு 30 பின் ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கியிருக்கிறேன், அதில் யுஎஸ்பி-யைச் சீரியலாக மாற்ற இருப்பது சிஎச்340 சிப். லேப்டாப்பில் உபுண்டு 22.04. புரோகிராம் எழுதி ஏற்றும் ஆர்டினோ ஐடிஇ-யில், போர்டு எந்த யுஎஸ்பி இணைப்பில் இருக்கிறது என்று தேர்ந்தெடுக்கும் போர்ட் மெனு மங்கியே கிடக்கிறது. அதே கேபிள், நண்பனின் விண்டோஸில் உடனே ஓடுகிறது. எங்கள் லேபில் விண்டோஸ் மட்டும்தான். வெள்ளிக்கிழமை ரிவ்யூ. இதற்கெல்லாம் எங்கே கேட்டால் பதில் கிடைக்கும்?

செம்புக்கம்பி:
விண்டோஸில் ஓடுவதால் கேபிள் சரிதான். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் என்றால் போர்டில் லைட் எரியும், போர்ட் வராது. சிஎச்340-க்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது தம்பி, எதையும் தேடி இறக்காதீர்கள். போர்டைச் செருகிவிட்டு டெர்மினலில், கெர்னல் பதிவுகளைக் காட்டும் 'சூடோ டிமெசேஜ்' (sudo dmesg) கொடுத்து, கடைசிப் பத்து வரிகளைப் போடுங்கள். ஸ்கிரீனை ஃபோட்டோ எடுக்க வேண்டாம். எழுத்தாக இருந்தால்தான் அந்த வரியைத் தேடிப் பார்க்க முடியும்.

இசிஇ_மூன்றாமாண்டு:
'டிடிஒய்யுஎஸ்பி0'-ல் இணைந்தது என்று ஒரு வரி. அடுத்த வரியில் 'பிஆர்எல்டிடிஒய்' என்று ஒரு பெயர். உடனே 'டிஸ்கனெக்டட்'.

செம்புக்கம்பி:
அந்தப் பெயர்தான் காரணம். அது பிரெயில் காட்சிக் கருவிகளுக்கான சேவை. உங்கள் சிப்பின் யுஎஸ்பி எண் 1ஏ86:7523. சில பிரெயில் கருவிகளுக்கும் இதே எண் என்பதால், போர்டை அது தன்னுடையதென்று பிடித்துக்கொள்கிறது. 'சூடோ ஆப்ட் ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்' (sudo apt remove brltty) கொடுத்து அதை நீக்குங்கள். பார்வையற்ற யாராவது அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தினால் நீக்கவே கூடாது; செருகும் கருவிகளை அடையாளம் காணும் அதன் யுடெவ் விதிக் கோப்பில் இந்த எண் உள்ள வரியை மட்டும், முன்னால் # போட்டு, கமென்ட் ஆக்கினால் போதும். பிறகு உங்கள் பயனர் பெயரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். லாக்அவுட் செய்யாவிட்டால் 'பெர்மிஷன் டினைடு' வரும்.

இசிஇ_மூன்றாமாண்டு:
போர்ட் வந்துவிட்டது அண்ணா! ஆனால் அப்லோடு கொடுத்தால் 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடி, டைம் அவுட் ஆகிறது.

மின்னோட்டம்:
'கனெக்டிங்' வந்ததும் பூட் பட்டனை அழுத்திப் பிடித்து, எழுதத் தொடங்கியதும் விடுங்கள். ரீசெட் முடிந்து ஈஎன் (எனேபிள்) பின்னில் வோல்டேஜ் உயரும் நொடியில், பூட் பட்டன் இணைந்த ஜிபிஐஓ 0 பின் தாழ்ந்திருந்தால்தான் சிப் புரோகிராமை வாங்கும். சில போர்டுகளில் ஈஎன் முந்திவிடுகிறது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஈஎன்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் போடுங்கள். நீளக்கால் ஈஎன் பக்கம்.

எங்கே கேட்பது என்றீர்களே. போர்டு, கோடு இரண்டுக்கும் ஆர்டினோ ஃபோரம், ஈஎஸ்பி32-ஐத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32 ஃபோரம். சர்க்யூட் கணக்கென்றால் எலக்ட்ரானிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். ஆனால் "எந்த போர்டு வாங்கலாம்" என்று அங்கே கேட்டால் மூடிவிடுவார்கள். உபுண்டுவுக்கு ஆஸ்க் உபுண்டு. தமிழிலேயே பேசித் தீர்க்க சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் விழுப்புரம் குழுவும் இருக்கின்றன, மாணவர்கள் தயங்காமல் போகலாம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடங்கள் தமிழில் உண்டு. வீடியோவில் எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறித்துச் சந்தேகம் கேட்கலாம்.

எங்கே கேட்டாலும் போர்டு பெயர், ஓஎஸ் பதிப்பு, ஐடிஇ பதிப்பு, முழு எரர், இதுவரை செய்து பார்த்தவை எல்லாம் முதல் பதிவிலேயே இருக்கட்டும். "அர்ஜென்ட்" என்று தலைப்பில் போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். எரர் வரியைத் தலைப்பாக வையுங்கள்.

இசிஇ_மூன்றாமாண்டு:
பட்டனைப் பிடித்ததும் ஏறிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. ரிலேவை ஜிபிஐஓ 12-ல் போடலாமா?

மின்னோட்டம்:
வேண்டாம். ஆன் ஆகும்போது 12 உயர்ந்திருந்தால், புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் போகும், போர்டு பூட் ஆகாது. 26-ல் போடுங்கள். ரிலேவுக்கு 5 வோல்ட்டைத் தனியாகக் கொடுத்து, கிரவுண்டை மட்டும் சேர்த்துவிடுங்கள்.