துறைமுகத் தண்ணீரும் படகுக் கக்கூசும்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கரையேறியவன்

லாஸ் ஏஞ்சலஸில் என்னோடு வேலை செய்பவர் ஒரு பாய்மரப் படகு வைத்திருக்கிறார். போன கோடையில் என்னையும் ஏற்றிக்கொண்டு காட்டலினா தீவுக்குப் போனார். ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடல். பாதி வழியில் எனக்குக் குமட்டல் வந்துவிட்டது. அவலான் துறைமுக வாசலில்தான் தலையை நிமிர்த்தினேன்.

துறைமுகக் காவல் படகு பக்கத்தில் வந்தது. கட்டுவதற்கு ஒரு மிதவையைக் காட்டினார்கள், பணம் வாங்கினார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். காவலர் ஒருவர் எங்கள் படகுக்குள் ஏறி, கழிவறை எங்கே என்று கேட்டார். பாவம், அவசரம் போலிருக்கிறது என்று நானே வழி காட்டினேன். அவர் ஒரு மாத்திரையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் அடித்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அது சாய மாத்திரை. அந்தத் துறைமுகத்துக்குள் வந்து கட்டும் படகுகளுக்கெல்லாம் அதைப் போடுகிறார்கள். கழிவுத் தொட்டியை யாராவது உள்ளே திறந்துவிட்டால் படகைச் சுற்றித் தண்ணீர் பச்சைப் பசேல் என்று காட்டிக் கொடுத்துவிடும். அபராதம் உண்டு. அதைவிடப் பெரியது, ஓராண்டுக்கு அந்தத் துறைமுகத்துக்குள் வர முடியாது.

படகுக் கழிவறையில் ஒரு வால்வு இருக்கிறது. இந்தப் பக்கம் திருப்பினால் தொட்டிக்கு, அந்தப் பக்கம் திருப்பினால் கடலுக்கு. நண்பர் அதைத் தொட்டிப் பக்கம் திருப்பிக் கம்பி போட்டு முறுக்கித்தான் வைத்திருந்தார். ஆனாலும் தங்கிய இரண்டு நாளும் காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் படகு ஓரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் ஆரஞ்சு நிறக் கரிபால்டி மீன்கள் திரிவது தெரிந்தது.

நான் வளர்ந்தது சோழமண்டலக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில். "கடல்ல எவ்வளவு நேரம் வேணாலும் குளி, ஆர்பர் தண்ணியில கால வைக்காத" என்பார் அம்மா. அந்தத் தண்ணீரில் டீசல் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அப்போது யோசித்ததே இல்லை. கடலுக்குப் போகிறவர்கள், கப்பலில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய ஃபோர்த் எஞ்சினியர்

சரி, நான் ஆரம்பிக்கிறேன். சரக்குக் கப்பலில் கழிவு பிளாண்ட் நாலாம் எஞ்சினியர் தலையில்தான் விழும். சேரும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பிளாண்டில் மூன்று அறை. முதல் அறையில் புளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும். அடுத்ததில் சேறு படியும். மூன்றாவதில் குளோரின் போட்டு வெளியே விடுவோம். அந்த நுண்ணுயிர்கள்தான் பிளாண்டே. ஒருமுறை புதிதாக வந்த ஸ்டூவர்டு பையன், கேப்டன் மெச்ச வேண்டும் என்று எல்லாக் கழிவறைக்கும் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டான். கிண்ணமெல்லாம் பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் பிளாண்ட் செத்துப்போனது. தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை வாடை கீழ்த்தளம் வரை வந்துவிட்டது. வாடை என்று சிரிக்க முடியாது. காற்று நின்ற தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும். புது நுண்ணுயிர்ப் பொட்டலம் கரைத்து ஊற்றி, அது பிழைத்து வர இரண்டு வாரம் ஆனது. அதற்குள் ஓர் ஐரோப்பியத் துறைமுகம் வந்துவிட்டது.

கப்பல்கள் கடலை அசுத்தமாக்காமல் தடுக்க மார்போல் என்ற உலக ஒப்பந்தம் உண்டு; கழிவறைக் கழிவுக்கு அதன் நான்காம் இணைப்பு இருக்கிறது. 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரைத்துக் கிருமி நீக்கிய கழிவு என்றால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். ஒன்றும் செய்யாத கழிவு என்றால் 12 கடல் மைலுக்கு அப்பால், அதுவும் கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் கலையாது, அதற்காகத்தான் அந்த வேகக் கணக்கு. துறைமுகத்துக்குள்ளோ, பிளாண்ட் ஒழுங்காக ஓடினால்தான் விடலாம். எங்களுடையது படுத்துக் கிடந்தது.

ஆகவே வெளி வால்வை மூடிப் பூட்டிவிட்டு எல்லாவற்றையும் தொட்டியில் சேர்த்தோம். இருபத்திரண்டு பேர், நான்கு நாள். இன்ஸ்பெக்டர் வந்தார், சான்றிதழைப் பார்த்தார், வால்வு பூட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார், தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டார். எண்பது சதவீதம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நல்லவேளை, அங்கே லாரி கூப்பிட்டால் வந்து உறிஞ்சிக்கொண்டு போனது. காசு வாங்கினார்கள், ஆனால் வந்தார்கள். எல்லாத் துறைமுகத்திலும் அந்த லாரி வராது.

தங்கல்காரன் மகன்

அண்ணன் சொன்ன சட்டம் 400 டன்னுக்கு மேலே உள்ள கப்பலுக்கு, இல்லை 15 பேருக்கு மேல் ஏற்றும் கப்பலுக்கு. அதுவும் நாடு விட்டு நாடு போனால்தான். எங்கள் விசைப்படகு அந்தக் கணக்கில் எந்த மூலைக்கும் வராது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கரைக்காரன். அப்பா தங்கலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போனவர், முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் வீடு. நானும் கல்லூரிக்கு முன் மூன்று தங்கல் போயிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் போகும் படகு. எஞ்சின் அறை உண்டு, ஐஸ் அறை உண்டு, சமையலுக்கு ஒரு மூலை உண்டு. கக்கூஸ் கிடையாது. படகின் பின்பக்கத்து அமரத்துக்குப் போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டியதுதான். ஆழ்கடலில் அதனால் கடலுக்கு ஒன்றும் ஆகாது. ஆளுக்குத்தான் ஆகும். ராத்திரி அலையடிக்கும்போது தனியாகப் பின்னால் போகாதே, ஒருத்தனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ என்பதுதான் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். வலை கட்டுவதெல்லாம் அப்புறம். எங்கள் ஊரில் அப்படி எழுந்து போய்த் திரும்பி வராதவர் ஒருவர் உண்டு. விடிந்த பிறகுதான் ஆள் இல்லை என்றே தெரிந்தது.

துறைமுகத்துக்குள் வந்தால் கதை வேறு. படகுகள் மூன்று நான்கு வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். மீன் இறக்க இடம் கிடைக்க ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள். எங்கள் ஆள்கள் படகிலேயே தூங்குவார்கள், சமைப்பார்கள். வெளிக்கு எங்கே போவார்கள்? நான் சொல்லும் துறைமுகத்தில் கரையில் கட்டணக் கழிப்பிடம் இருந்தது. பெயர் வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். படகு வருவதோ ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு. ஏலம் விடிவதற்கு முன்னால். பூட்டின கதவுக்கு முன்னால் நின்று யாரும் சுகாதாரம் பேச முடியாது.

இதில் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் புரட்டுவது வேறு ஒன்று. அதே தண்ணீரை வாளியில் மொண்டுதான் மீன் கூடையைக் கழுவுவார்கள், டெக்கைக் கழுவுவார்கள். நாற்பது நாள் ஐஸில் வைத்துக் கட்டிக் காத்த மீனைக் கடைசி ஐந்து நிமிடத்தில் இந்தத் தண்ணீரில் அலசி எடுத்து ஏலத்தில் வைப்போம்.

சோற்றுக்கு நேரமாச்சு

சாப்பிட்டுக்கொண்டே படித்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். தொடருங்கள்.

உப்புக்காற்று

அவலான் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் படித்தது நீர்த்தரம். வகுப்பில் எங்களுக்குப் பாடமாக வந்த ஊர் அது.

அவ்வளவு மாத்திரை போட்டும் அந்த ஊர்க் கடற்கரைத் தண்ணீரில் மலக்கிருமி அளவு பல ஆண்டுகள் குறையவே இல்லை. எல்லோரும் படகுகளைத்தான் கை காட்டினார்கள். பறவை எச்சம் என்றும் சொன்னார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் தண்ணீரையும் மணலுக்கு அடியில் ஊறும் நீரையும் எடுத்துச் சோதித்தார்கள். மனிதக் கழிவு கரையில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஊருக்குள் ஓடிய பழைய சாக்கடைக் குழாய்கள் ஓட்டையாகி, நிலத்தடியில் கசிந்து, ஓதம் ஏறி இறங்கும்போது கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தீவில் நல்ல தண்ணீர் பஞ்சம் என்பதால் கழிவறைகளுக்குக் கடல் நீரைத்தான் விடுகிறார்கள். உப்பு குழாய்களை அரித்துவிட்டது. கடைசியில் 2012-இல் வட்டார நீர்த்தர வாரியம் நகராட்சிக்கே உத்தரவு போட்டது. குழாய் மாற்ற நிறையச் செலவழித்தார்கள்.

படகுக்காரர்களை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. சாயம் போட்டால் படகு மாட்டும், குழாய் மாட்டாது. நம் ஊர்த் துறைமுகங்களிலும் சுவரோரம் வந்து விழும் வாய்க்கால்களை ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள். இன்னொன்று, துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டுவதே தண்ணீர் அசையாமல் இருக்கத்தான். உள்ளே விழுவது படகிலிருந்து விழுந்தாலும் வாய்க்காலிலிருந்து விழுந்தாலும் அங்கேயே சுற்றும்.

மழையூர்க்காரி

சியாட்டிலில் இருந்து எழுதுகிறேன். என் அனுபவம் கொஞ்சம் வெட்கக்கேடானது.

இங்கே பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடல் முழுவதும் 2018 மே மாதத்திலிருந்து படகுக் கழிவு விடத் தடை. அதற்கு முன் படகிலேயே சின்னதாக ஒரு சுத்திகரிப்புக் கருவி வைத்திருந்தால் விடலாம்; இப்போது அதுவும் கூடாது. முக்கியக் காரணம் சிப்பி. சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் வாழ்கிறது, தண்ணீரில் உள்ள நோய்க்கிருமி அதன் உடம்பில் சேர்ந்துவிடும். நாம் அதைப் பச்சையாகச் சாப்பிடுகிற ஊர் இது. (நாம் என்றால் அவர்கள். எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.) கப்பல்களை இழுத்துச் செல்லும் படகுக்காரர்கள், தொட்டி வைக்க எங்களிடம் இடம் இல்லை என்று மல்லுக்கு நின்றார்கள். அவர்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் ஐந்து ஆண்டு தவணை கிடைத்தது. அது 2023-இல் முடிந்தது.

எங்களுக்கு ஒரு பழைய சின்னப் படகு உண்டு. தொட்டி நிறைந்தால் படகுகள் கட்டும் மரினாவில் உள்ள பம்புக்குப் போய்க் குழாயை டெக்கில் உள்ள மூடியில் பொருத்தி உறிஞ்ச வேண்டும். பல இடங்களில் இலவசம். 1992-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, தூண்டில் சாமான், படகு எரிபொருள் மீதான வரியிலிருந்து இதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள். டெக்கில் மூன்று மூடிகள் இருக்கும்: டீசல், குடிநீர், கழிவு. எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது.

முதல் முறை வீட்டுக்காரர் பொருத்தினார். குழாயில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும், உள்ளே ஓடுவது தெரியும். பளிங்கு போல வந்தது. "பார்த்தியா, நம்ம தொட்டி எவ்வளவு சுத்தம்" என்று பெருமையாகச் சொன்னார். பக்கத்துப் படகுக் கிழவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் உறிஞ்சியது குடிநீர்த் தொட்டியை. ஊரார் கழிவெல்லாம் போன குழாயை எங்கள் குடிநீர் மூடியில் சொருகியிருக்கிறோம்! தொட்டியைக் குளோரின் போட்டு மூன்று முறை கழுவினோம். இன்றைக்கும் அந்தக் குழாய்த் தண்ணீரில் நான் டீ போடுவதில்லை. மூடிகளுக்கு இப்போது சிவப்பு, நீலம், மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறோம்.

பம்ப் மட்டும் பூட்டியிருந்தாலோ வரிசை நின்றாலோ நாங்களும் வால்வைத் திருப்பியிருப்போமா என்று அவரிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை.

தங்கல்காரன் மகன்

அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குடிநீர்க் கதைக்கு நன்றாகச் சிரித்தார். அப்புறம் எங்கள் படகு டிரைவரிடம் போனில் பேசினேன். நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர்.

நான் சொன்ன துறைமுகத்தில் இப்போது கழிப்பிடம் ராத்திரியும் திறந்திருக்கிறதாம். மீனவர் சங்கம் ஓர் ஆளைச் சம்பளத்துக்குப் போட்டிருக்கிறது. கூடை கழுவ நல்ல தண்ணீர்க் குழாயும் வந்துவிட்டது, ஆனால் ஏல நேரத்தில் பாதி நாள் வராது, அப்போது பழையபடி வாளிதான்.

படகிலேயே தொட்டி வைத்தால் என்ன என்று கேட்டேன். "வெக்கலாம்டே. நெறஞ்சா எங்க கொண்டு கொட்ட? அதுக்கு உள்ள கொழாய மொதல்ல கரையில வைக்கச் சொல்லு" என்றார். ஆழ்கடலில் இருக்கும்போது தொட்டியே வேண்டாம், விழாமல் உட்கார ஒரு கூண்டு போதும் என்பது அவர் கட்சி. ஜூன், ஜூலை தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது அமரத்தில் கம்பி வைத்துக் கூண்டு கட்டிப் பார்க்கலாம் என்கிறார். கூடவே துறைமுகத்துக்குள் நிற்கும் இரண்டு நாளுக்கு மட்டும் மூடி போட்ட ஒரு சின்னத் தொட்டி. அதற்கு இடம் ஐஸ் அறையிலிருந்துதான் எடுக்க வேண்டுமாம். ஓனர் கூண்டுக்குச் சரி சொல்லிவிட்டார். ஐஸ் அறை என்றதும் போனை வைத்துவிட்டார்.