மறு: குருதி ஏற்றியபின் வரும் நுரையீரல் பாதிப்புக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் Transfusion-Related Acute Lung Injury, சுருக்கமாக TRALI (ட்ராலி) என்னும் நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடி மூன்று நாளாக நீங்கள் எழுதும் எல்லா மடல்களையும் படித்துக்கொண்டுதான் வருகிறேன். இரவுப் பணி, உடனே பதில் எழுத முடியவில்லை. இன்று விடுப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> 'குருதியேற்றம் சார்ந்த கடும் நுரையீரல் காயம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

ஐயா, சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அந்தக் 'காயம்' எனக்கு ஒருமுறை பெரிய சிக்கலைத் தந்தது. நான் பெங்களூரில் ஓர் இரத்த மையத்தில் மருத்துவராக இருக்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து இங்கே சிகிச்சைக்கு வருபவர்கள் ஏராளம். ஒப்புதல் படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. தமிழில் நானே எழுதிக் கொடுத்தேன். அதில் 'அரிதாக நுரையீரலில் காயம் ஏற்படலாம்' என்று ஒரு வரி. பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண்ணின் அண்ணன் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், அந்த வரியில் நின்றுவிட்டார். "கையிலதானே ஊசி போடுவீங்க? நுரையீரல்ல எப்படிம்மா காயம் ஆகும்?" என்றார். உறைந்த பிளாஸ்மாப் (குருதியின் நீர்ப்பகுதி) பை அந்தப் பக்கம் வெந்நீர்த் தொட்டியில் உருகிக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் நான் ஊசி நுரையீரலுக்குப் போகாது என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. காயம் என்றால் வெட்டோ குத்தோ பட்டிருக்க வேண்டும் என்றுதான் தமிழ் தெரிந்த யாரும் நினைப்பார்கள்.

உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். நுரையீரலின் நுண்குழாய்கள் மிகக் குறுகலானவை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அதற்குள் போக வேண்டுமென்றால் உடலை நெளித்துச் சுருக்கிக்கொண்டுதான் போகும். நோயாளிக்கு ஏற்கெனவே பெரிய அறுவை நடந்திருந்தாலோ கிருமித்தொற்று குருதியில் பரவியிருந்தாலோ இந்த அணுக்கள் விறைத்து, குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. இது முதல் தாக்கு. அந்த நேரத்தில் ஏற்றப்படும் பிளாஸ்மாவில், நோயாளியின் வெள்ளையணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் (antibody, அந்நியப் பொருளை எதிர்க்க உடல் செய்யும் புரதம்) இருந்துவிட்டால் அது இரண்டாம் தாக்கு. ஒட்டி நிற்கும் நியூட்ரோஃபில்கள் தம்மிடம் உள்ள நொதிகளையும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் அங்கேயே கொட்டுகின்றன. உட்சுவர் இளகுகிறது. புரதம் நிறைந்த நீர் காற்று நுண்ணறைகளுக்குள் ஊறுகிறது. செயற்கைச் சுவாசத்துக்குச் செருகிய குழாய்வழியாக இளஞ்சிவப்பாக நுரைத்துக்கொண்டு அந்த நீர் மேலே வருவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

'ஊறுகிறது' என்று எழுதும்போதே கை நின்றது. ஊறு என்றால் கேடு. 'ஊறு விளைவிக்கும்', 'இடையூறு' எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். ஊறு என்றால் நீர் கசிந்து நிறைவதும்தான். இந்த நோயில் நடப்பது இரண்டுமே. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பொருத்தம் தமிழில் தானாக வந்து அமைகிறது. அதனால் காயம் வேண்டாம், ஊறு என்றே வைப்போம் என்பது என் உறுதியான கருத்து.

'கடும்' என்பதையும் விட்டுவிடலாம். அது நோயின் வலிமையைச் சொல்கிறது. மூலத்தில் சொல்ல வந்தது வேகத்தை: குருதி ஏற்றத் தொடங்கியதிலிருந்து ஏற்றி முடித்த 6 மணி நேரத்துக்குள் மூச்சுத்திணறல் தொடங்க வேண்டும் என்பது வரையறை. அதற்குத் 'திடீர்' போதும். கொச்சையாக இருக்கிறது என்று சிலர் சொல்லலாம். 'திடீர் மாரடைப்பு' என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோமே.

> இது நோயெதிர்ப்பு முறையால் வருவதால் பெயரிலேயே 'எதிர்ப்பொருள்' வர வேண்டும்.

இதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எதிர்ப்பொருளே கண்டுபிடிக்க முடியாத நோயாளிகளும் உண்டு. பல நாள் சேமித்த சிவப்பணுப் பைகளிலும் தட்டணுப் பைகளிலும் சேரும் கொழுப்பு மூலக்கூறுகளும் அதே இரண்டாம் தாக்கைக் கொடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1983இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் மருத்துவர் பொபோவ்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் இதற்குப் பெயர் வைத்தபோதே 'தொடர்புடைய' என்று அடக்கமாகத்தான் வைத்தார்கள். 2019இல் வரையறையைத் திருத்தியபோதும் எதிர்ப்பொருளைக் கட்டாயமாக்கவில்லை. பெயர் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதைத் தேடாமல் விட்டுவிடுவோம்.

எதிர்ப்பொருள் என்ற சொல்லைப் பற்றி இன்னொன்று. இலங்கையில் 'பிறபொருளெதிரி' என்கிறார்கள். இங்கே அந்தச் சொல் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! வந்தது கொடையாளரின் பிளாஸ்மா. அதற்கு நோயாளியின் சொந்த அணுதான் பிறபொருள். விருந்தாளி வீட்டுக்காரரையே அந்நியர் என்கிறார். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, முதல் தாக்கில் அணுக்கள் அடையும் நிலைக்கு 'முன்தூண்டல்' என்று டெல்லி அம்மா எழுதியிருந்தார்கள். தூண்டல் என்றதும் வினை தொடங்கிவிட்டது என்று ஆகிவிடுகிறது. அணு இன்னும் ஒன்றும் செய்யவில்லை, செய்யத் தயாராக நிற்கிறது, அவ்வளவுதான். நான் 'நாணேற்றம்' என்று சொல்லிப் பார்க்கிறேன். வில்லில் நாண் ஏறியாயிற்று, அம்பு இன்னும் விடவில்லை. குருதியேற்றமும் நாணேற்றமும் ஒரே வரியில் வந்தால் குழம்புமே என்றால், 'நாணேறிய அணுக்கள்' என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டு தாக்குக்கும் சேர்த்து 'ஈரடி' என்று ஒரு நண்பர் சொன்னது சுருக்கம்தான், ஆனால் பாட்டின் அடி நினைவுக்கு வருகிறது. 'இருதாக்கு' தெளிவு.

> பிள்ளை பெற்ற பெண்களின் குருதியால் வருவதால் 'தாய்க்குருதி நோய்'?

தயவுசெய்து வேண்டாம். அறிவியல் உண்மை இதுதான்: கருவிலிருக்கும் குழந்தையின் வெள்ளையணுக்களில் தகப்பன்வழி வந்த அடையாளங்களும் இருக்கும், அவற்றுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் செய்யலாம், அது ஆண்டுக்கணக்கில் தங்கலாம், கருவுறும் எண்ணிக்கை கூடக்கூட வாய்ப்பும் கூடும். பிரிட்டனில் 2003 இறுதியிலிருந்து பிளாஸ்மாவைப் பெரும்பாலும் ஆண் கொடையாளர்களிடமிருந்தே எடுக்கத் தொடங்கினார்கள். இந்த நோய் வெகுவாகக் குறைந்தது. அதற்காக ஒரு தாயின் பெயரை நோய்க்கு வைப்பதா? இங்கே பெங்களூர் அல்சூரில் நடந்த குருதிக்கொடை முகாமில் மூன்று பிள்ளை பெற்ற ஓர் அக்கா, தன் பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்றாமல் தனியாக வைப்போம் என்று தெரிந்ததும், "அப்போ என் ரத்தம் கெட்டதா?" என்று என் முகத்தையே பார்த்துக் கேட்டார். அவர் கொடுத்த சிவப்பணுக்கள் ஓர் உயிருக்குப் போய்ச் சேர்ந்தன. அவருக்கு அப்படி ஒரு பெயரை நான் படித்துக்காட்ட முடியாது.

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொரு சிக்கல் உண்டு: அளவுக்கு மேல் ஏற்றி, இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோப்பது. அது குடம் நிரம்பி வழிவது. இது பானை கசிவது. முதலாவதற்குச் சிறுநீர் பெருக்கும் மருந்து கைகொடுக்கும். இரண்டாவதில் இரத்த அழுத்தம் பெரும்பாலும் இறங்கியிருக்கும், அந்த மருந்து கெடுதல்கூடச் செய்யலாம். அதனால் இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலிக்கக் கூடாது. அந்த முதலாவதற்குக் 'குருதியேற்ற மிகைச்சுமை' என்று நான் குறித்து வைத்திருக்கிறேன், மேலான சொல் இருந்தால் கொடுங்கள்.

ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே 'ட்ராலி' என்று வைத்துக்கொள்ளலாம் என்றவர்களுக்கு: வார்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கூட இருப்பவர்கள் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி வருகிறது என்று எழுந்து நிற்பார்கள்.

ஆக, என் முன்மொழிவு 'குருதியேற்றத் திடீர் நுரையீரல் ஊறு'. படிவத்தில் மட்டும், பேச்சில் யாரும் குருதி என்பதில்லை என்பதால், 'இரத்தம் ஏற்றிய சில மணி நேரத்தில் நுரையீரலில் திடீரென்று நீர் ஊறி மூச்சுத் திணறலாம்' என்று மாற்றி எழுதியிருக்கிறேன். போன வாரம் இரண்டு குடும்பத்துக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "அப்படி ஆனா உடனே கவனிப்பீங்களா?" ஊசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

புணர்ச்சி விதிப்படி 'நுரையீரலூறு' என்று சேர்த்து எழுத வேண்டும் என்று தமிழாசிரியர் ஐயா சொல்வார்கள் என்று தெரியும். படிவத்தைப் படிப்பவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவராகவும் இருக்கலாம். பிரித்தே எழுத அனுமதி வேண்டும் ஐயா.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து