அரிப்பு தோலில், கோளாறு ஈரலில்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

தூங்காதவள்:
ஏழு மாதம். உள்ளங்கை, உள்ளங்கால், இரவு பத்துக்கு மேல். இங்கே இருப்பவர்களுக்கு அந்த அரிப்பை விளக்க வேண்டியதில்லை. நான்கு களிம்புகள் பார்த்தாயிற்று, சோப்பை மாற்றியாயிற்று, படுக்கை விரிப்பைக் கொதிநீரில் போட்டு அலசியாயிற்று. ஐந்தாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் என் விரல்களைப் பிடித்து விளக்கடியில் திருப்பினார். "நகப்பூச்சா?" என்று கேட்டார். பூச்சே இல்லை. ஏழு மாதம் சொறிந்ததில் நகங்கள் தாமாகவே மெருகேறிக் கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்தன.

பிறகு முதுகைப் பார்த்தார். செல்பேசியில் படம் எடுத்துக் காட்டினார். தோள், இடுப்பு, விலா எல்லாம் கீறல். நடு முதுகில் மட்டும், என் கை எட்டாத இடத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போலத் தெளிவான தோல். "இங்கே தோல் நோயே இல்லை அம்மா, இதெல்லாம் நீங்கள் போட்ட கீறல்கள். ஈரலுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றார்.

பித்தம் தேங்கினால் ரத்தத்தில் கூடும் ஆல்கலைன் பாஸ்படேஸ் எகிறியிருந்தது. பி.பி.சி. (வானொலி இல்லை! பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ்) என்று முடிவானது. ஈரலுக்குள் இருக்கும் மெல்லிய பித்தநாளங்களை உடம்பின் எதிர்ப்பாற்றலே தாக்கும் நோய். 2015 வரை அதன் பெயரிலேயே சிர்ரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகுவது, என்ற சொல் இருந்தது, நல்லவேளையாக மாற்றிவிட்டார்கள். நோயின் பெயரை விட என்னை விடாமல் துரத்துவது அந்தப் படம்தான். கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது, ஈரலுக்கு என்ன கேடு என்று ஏழு மாதம் இருந்துவிட்டேன்.

தனிக்குவளை:
எனக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை வலை. பல் மருத்துவர் கண்ணாடியை வைத்துக் காட்டினார், சரிகை பின்னியது போல இருந்தது. தோலிலும் வாயிலும் வரும் ஓர் அழற்சி, லைக்கன் பிளேனஸ். அவர்தான் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இருந்தது.

1986இல், பிறந்த சில நாட்களில், எனக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வைரஸைக் கண்டுபிடித்தது 1989இல். என் உடம்பில் குடியேறியபோது அதற்குப் பெயரே கிடையாது, "ஏ-யும் இல்லை பி-யும் இல்லை" என்றுதான் ஆய்வாளர்கள் அழைத்துக்கொண்டிருந்தார்கள். 2020இல் ஆல்டர், ஹாட்டன், ரைஸ் மூவருக்கும் நோபல் அறிவித்தபோது செய்தியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

2009இல் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவைரின் மாத்திரையும். 48 வாரம் என்றார்கள். 24ஆம் வாரத்திலும் வைரஸ் தெரிந்ததால் நிறுத்திவிட்டார்கள். 2015இல் 12 வாரம் மாத்திரை, வைரஸ் போயே போய்விட்டது. ஆனால் எழுத வந்தது வேறு. எனக்கு வைரஸ் இருக்கிறது என்று முதலில் முடிவு வந்த அன்று வீட்டுக்குப் போனால், குளியலறையில் என் பல்துலக்கி மட்டும் தனிக் குவளையில் நின்றது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை. குணமாகி இத்தனை வருடம் கழித்தும் அது தனிக் குவளையில்தான் இருக்கிறது. இப்போது வைப்பது நான்.

நிதானம்75:
தனிக்குவளை அவர்களுக்கு வருத்தங்கள். ஆனால் இப்படி எழுதினால் வாயில் வெள்ளைக்கோடு பார்த்தவர்கள் எல்லாரும் ஈரல் போயிற்று என்று அலறுவார்கள். எனக்கு மணிக்கட்டில் ஊதா நிறத்தில் தட்டையான சிறு தடிப்புகள், அதே லைக்கன் பிளேனஸ். இது போன்ற ஒரு பதிவைப் படித்துவிட்டு நானே போய்ப் பரிசோதனை கேட்டேன். முடிவு வரும்வரை மூன்று இரவு தூக்கமில்லை. வைரஸ் இல்லை. லைக்கன் பிளேனஸ் வந்தவர்களில் பலருக்கு ஹெபடைடிஸ் சி கிடையாது. அந்தத் தொடர்பே உலகம் முழுவதும் ஒரே அளவில் இல்லை, சில நாடுகளில் வலுவாகத் தெரிகிறது, சிலவற்றில் ஏறக்குறைய இல்லை.

தனிக்குவளை:
பரிசோதித்துப் பாருங்கள் என்றுகூட நான் எழுதவில்லையே. குவளையைப் பற்றித்தான் எழுதினேன்.

படிவம்எழுதுபவள்:
நான் நோயாளி இல்லை. 2009இல் ஹெபடைடிஸ் சி-க்கான டெலாப்ரெவிர் மருந்து ஆய்வு ஒன்றில் வேலை. வருகிறவர்களிடம் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்துப்போலி (அதே போலத் தோன்றும் மருந்தில்லா மாத்திரை). யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த மருந்து தோலில் தடிப்பைக் கிளப்பும். தடிப்பு கடுமையானால் உடனே நிறுத்தியாக வேண்டும் என்பது விதி.

ஒருவர் எல்லா வாரமும் நேரத்துக்கு வருவார். ஏழாவது வாரம் முழுக்கைச் சட்டை, பொத்தான் மணிக்கட்டு வரை. "தோலில் ஏதாவது?" என்றேன். "ஒன்றுமில்லை." கையெழுத்துப் போட அவர் குனிந்தபோது சட்டைக்கை ஓரத்தில் மிளகளவு ரத்தக்கறை. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னதுதான் மறக்கவில்லை: "தடிப்பு வந்திருக்கிறது என்றால் எனக்கு நிஜ மருந்துதான் கிடைத்திருக்கிறது. இதை எழுதிவிடாதீர்கள்." கூடவே எல்லாருக்கும் கொடுக்கும் ரிபாவைரினே தடிப்பு வரவழைக்கும், மருந்துப்போலி வாங்குபவர்களுக்கும் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை.

எழுதினேன். மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொன்னார். மார்பு, முதுகு, இரண்டு கைகளும் சிவந்து கிடந்தன. அன்றே நிறுத்தினார்கள். பின்னாளில் அந்த மருந்தால் தோல் உரிந்து இறந்தவர்கள் உண்டு என்று 2012 டிசம்பரில் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை வந்தது. நான் செய்தது சரி என்று தெரியும். ஆனாலும் கையை உள்ளே இழுத்துக்கொண்ட அந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

முன்னெச்சரிக்கை:
எனக்கு சொரியாசிஸ். அதற்காக எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பார்த்ததில் பழைய தொற்றின் தடம் தெரிந்தது, தள்ளிப்போட்டார்கள். என் கதை இவ்வளவுதான். ஆனால் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை மட்டும் பார்த்து "பி இல்லை" என்று அனுப்பினால் திருப்தியடையாதீர்கள். வைரஸின் உட்கருப் (கோர்) புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியையும் கேளுங்கள். ஒருமுறை வந்து அடங்கிய பி வைரஸ் ஈரல் செல்லுக்குள் ஒளிந்தே இருக்கும். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து, குறிப்பாக ரிட்டுக்சிமாப், அதை மறுபடி எழுப்பிவிடலாம். சி-க்கான புதிய மாத்திரைகளும் அப்படித்தான், 2016இல் அதற்கும் எச்சரிக்கை வந்தது. தனிக்குவளை அவர்கள் 2015இல் மாத்திரை எடுக்கும் முன் பி பார்த்தார்களா? சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறைதான், தினமும் விழுங்கி ஆபத்தில் மாட்டியவர்கள் உண்டு. அதோடு மது கூடவே கூடாது. ஃபைப்ரோஸ்கேனுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், ஈரலின் விறைப்பு கூடுதலாகக் காட்டும். ஈரலைச் சுத்தம் செய்கிறேன் என்று மூலிகைப் பொடி வாங்குபவர்களே, அந்தப் பொடியாலேயே ஈரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். பி தடுப்பூசி போடாதவர்கள்...

நிதானம்75:
ஐயா, யாராவது கேட்டார்களா?

தனிக்குவளை:
பார்த்தார்கள். பி இல்லை. படிவம்எழுதுபவள், அந்த மனிதர் பிறகு என்ன ஆனார்?

படிவம்எழுதுபவள்:
தெரியாது. எங்களிடம் இருந்தது எண் மட்டும்தான். அந்த எண் இன்னும் நினைவிருக்கிறது. 2013 கடைசியில் சி-யைக் குணமாக்கும் புதிய மாத்திரை சோபோஸ்புவிர் வந்தபோது முதலில் நினைத்தது அவரைத்தான். நான்கு வருடம் அவருடைய ஈரல் தாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

தூங்காதவள்:
மணி இரண்டரை. ஈரத்துணியில் பாதத்தைச் சுற்றிக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறேன். பி.பி.சி.-க்குக் கொடுத்த உர்சோ மாத்திரையில் ரத்த எண்கள் இறங்கின, அரிப்பு இறங்கவில்லை. அரிப்புக்குக் கொலஸ்டிரமின் பொடி கொடுத்திருக்கிறார்கள், மற்ற மருந்துகளிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டுமாம். எதில் கலக்கினாலும் மணல் போலத் தொண்டையில் நிற்கிறது. யாராவது அதைக் குமட்டாமல் விழுங்கியிருக்கிறீர்களா?