பிராக்கெட் தாளை நடுவிலிருந்து நிரப்ப வேண்டும்

அமெரிக்கா வந்த புதிதில், மார்ச் பிறந்தால் அலுவலகமே 'பிராக்கெட்' என்ற ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி. 68 அணிகள், தொடக்க ஆட்டங்கள் முடிந்ததும் 64. மீதமுள்ள 63 ஆட்டங்களிலும் யார் வெல்வார் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. சிறிய எண்ணாகப் பார்த்து எழுதிக்கொண்டே போனால் முடிந்தது என்று நினைத்தேன்.

2018-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக அணியைச் சாம்பியனாக எழுதினேன். நான்கு முதலிடத்து அணிகளிலும் முதன்மையானது அதுதான். முதல் சுற்றில் எதிரே 16-ஆம் இடத்து மேரிலாண்ட் பால்டிமோர் கவுண்டி. அதுவரை ஆடவர் போட்டியில் 1-ஆம் இடத்து அணி 16-ஆம் இடத்திடம் தோற்றதே இல்லை. 135 ஆட்டம், 135 வெற்றி. வெள்ளிக்கிழமை இரவு, இடைவேளையில் 21-21. 'மெதுவாக ஆடுகிறவர்கள்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். தட்டோடு திரும்பி வந்தபோது வர்ஜீனியா பத்துப் புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்தது. முடிவு 74-54. தோசை ஆறிப்போனது.

வர்ஜீனியாவின் வீரர் ஹன்டருக்குச் சில நாட்களுக்கு முன்புதான் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. செய்தி வந்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. மெதுவான ஆட்டத்திலும் ஆபத்து உண்டு: பந்து கைக்கு வரும் தடவைகளே குறைவு, தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்துகள் நாலு எதிரணிக்கு விழுந்துவிட்டால் பிறகு துரத்திப் பிடிப்பது கடினம். இவ்வளவும் புரிந்த பிறகு நான் செய்தது என்ன? 2019-இல் கோபத்தில் வர்ஜீனியாவை இரண்டாம் சுற்றிலேயே வெட்டினேன். அந்த ஆண்டு கோப்பை அவர்களுக்குத்தான்.

அதன் பிறகுதான் ஓய்வுபெறப்போகிற சக ஊழியர் ஒருவர் என் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் காட்டினார். முதல் சுற்றில் 32 ஆட்டம், சரியாக எழுதிய ஆட்டத்துக்கு 10 புள்ளி: 320. அடுத்தது 16 ஆட்டம், 20 வீதம்: 320. அப்படியே இரட்டித்துக்கொண்டு போய், இறுதி ஆட்டம் ஒன்றுக்கே 320. "முதல் சுற்றில் யார் யாரைக் கவிழ்ப்பார் என்று மூன்று இரவு விழித்து யோசிக்கிறாய், சாம்பியனை மூன்று நிமிடத்தில் எழுதுகிறாய்" என்றார். தாளை, சாம்பியன் பெயர் வரும் நடுவிலிருந்து வெளியே நிரப்ப வேண்டுமாம். எங்கள் ஊரில் கல்யாணச் செலவில் தாம்பூலப் பைக்குப் பேரம் பேசிவிட்டு மண்டபத்தைக் கேட்ட விலைக்கே பிடிப்பார்களே, அந்தக் கதைதான்.

இப்போது சாம்பியன் பெயரைத்தான் முதலில் எழுதுகிறேன். 12-ஆம் இடத்து அணிகள் 5-ஆம் இடத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை வெல்வது உண்மைதான். ஆனால் நான்கு பகுதிகளில் அது எந்த அணி என்பதில் என் கை இன்றுவரை ராசியில்லாத கை.

*

அண்ணா, உங்கள் தோசையைப் படித்ததும் என் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. 2025-இல் நான் இரண்டு வாரம் புள்ளிவிவரம் பார்த்து, ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துப் பெரிய அணிகளை எல்லாம் கவிழ்த்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்கு பகுதிகளிலும் 1-ஆம் இடத்து அணியையே எழுதி நீட்டினாள். ஆபர்ன், டியூக், ஹூஸ்டன், ஃபுளோரிடா நான்கும் அரையிறுதிக்கு வந்தன. 2008-க்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான். எனக்கு அதில் ஒன்றுகூட இல்லை.

அவளுடைய சாம்பியன் டியூக். அரையிறுதியில் ஹூஸ்டனுக்கு எதிராகக் கடைசி நிமிடத்திலும் ஆறு புள்ளி முன்னிலை. அவள் எழுந்து நின்று என்னைக் கேலி செய்ய ஆரம்பித்திருந்தாள். அடுத்த ஒன்பது புள்ளியும் ஹூஸ்டனுக்கே போனது, 70-67. சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தவள், "அப்பா, அடுத்த வருஷம் எனக்கும் புள்ளிவிவரம் காட்டுங்கள்" என்றாள். ஒரு தாளில்கூட ஜெயிக்காத என்னிடம்.